கண்ணில் பட்டால் எது கூடக் கெடுதல்: பற்றரி அசிட்டா, சுண்ணாம்பா?

பற்றரி அசிட் என்றால் எங்கள் சனம் ஒதுங்கி நிற்கும். சுண்ணாம்புக்கு யாரும் பயப்படுவதில்லை, வெற்றிலைத் தட்டில் கிடக்கிற சாமான்தானே. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நீற்றின சுண்ணாம்பு வாளியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், ஒருவரும் அதட்ட மாட்டார்கள். என்னைக் கேட்டால் அதட்ட வேண்டியது அங்கேதான்.

விழிவெண்படலம், அதாவது கறுப்பு விழியை மூடியிருக்கிற ஒளி புகும் படலம், நடுவில் அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பற்றரியில் இருக்கிற சல்பூரிக் அமிலம் அதில் பட்டவுடன் மேற்பரப்பிலுள்ள புரதம், சட்டியில் விட்ட முட்டை வெள்ளைக்கரு மாதிரி, உறைந்து வெளுக்கும், அந்த உறைந்த படையே மிச்ச அமிலம் ஆழத்துக்குப் போவதை ஓரளவு மறிக்கும். அதற்காக அசிட் லேசுப்பட்டது என்றில்லை. கன நேரம் நின்றால் அதுவும் பார்வையை எடுக்கும்.

சுண்ணாம்பு காரம், பிஎச் 12க்கு மேல் (பிஎச் 7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம் கூடும்). காரம் கலங்களைச் சுற்றியிருக்கிற மென்சவ்விலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். காஸ்டிக் சோடா அளவு வேகம் சுண்ணாம்புக்கு இல்லைதான், ஆனால் கட்டி கட்டியாக இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு விடாமல் எரித்துக்கொண்டிருக்கும். சீமெந்தும் இதே சாதி.

இன்னொன்று. படலத்தைப் புதுப்பிக்கிற மூலக்கலங்கள் கறுப்பு விழியின் ஓரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு ஊட்டம் கொடுக்கிற அங்குள்ள இரத்தக் குழாய்கள் எரிந்துபோனால் கண் சிவக்காது, வெளுத்துப் போகும். "சிவக்கேல்லத்தானே, ஒண்டுமில்லை" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், சிவந்த கண்ணைவிட அதுதான் மோசம்.

முதலுதவி இரண்டுக்கும் ஒன்றுதான்: தண்ணீர், உடனே. கிணற்றுத் தண்ணீர் போதும், இமையை விரித்துப் பிடித்து அரை மணித்தியாலமாவது ஊற்ற வேண்டும். சுண்ணாம்புக்குத் தேசிக்காய்ப் புளி விடுவது, தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் எடுக்கும், அதனால் 1990 அம்புலன்சுக்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும், வாகனத்திலும் ஊற்றுங்கள். விழுந்தது சுண்ணாம்பு என்றால் டொக்டரிடம் அதை முதலில் சொல்லி, மேலிமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடுகளவு அங்கே மிஞ்சினாலும் எரிவு நிற்காது.