பின்சீட்டில் 28 கிலோ லேப்ரடார்: மூன்று ஆண்டுக்குப் பின் தொட்டில் கவரும் ஹார்னஸும்

சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் 500 கி.மீ.க்கு மேல். சிறிய காரில், ஏறிய நேரத்திலிருந்து இறங்கும் வரை நாய் நின்றுகொண்டே வந்தால், ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் நான்கு கால்களையும் ஊன்றிச் சமாளிக்க வேண்டும். களைப்பும் வாந்தியும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் ஒரே கேள்விதான்: நாய் படுக்குமா?

தொட்டில் கவர், அதாவது முன்சீட், பின்சீட் தலைப்பகுதிகளில் மாட்டித் தொட்டில் போல் தொங்கவிடும் விரிப்பு, அதை மட்டும் மாட்டினால் படுக்காது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கால் வைக்கும் பள்ளத்தின் மேல் துணி தொங்கும். பிரேக் அடித்ததும் முன்கால் அதில் இறங்கிவிடும். ஒருமுறை சறுக்கிய நாய் பிறகு அந்தத் துணியை நம்பாது. பள்ளத்தைத் துணிப்பைகளால் சீட் உயரம் வரை இறுக்கி நிரப்பி, மேலே 2 அங்குல ஃபோம் போட்டு, அதற்கு மேல் கவரை விரிக்க வேண்டும். தலையணை உதவாது, அமுங்கிவிடும்.

பின்பக்க ஏசி துவாரம் இல்லாத கார் என்றால் முன்பக்கம் வலை வைத்த கவரையே வாங்குங்கள். வலை இல்லாதது சுவர் மாதிரி காற்றை மறித்துவிடும். வாஷிங் மெஷினும் வெந்நீரும் கவரின் நீர்புகா அடிப்பூச்சை உரித்துவிடும். பிறகு ஈரம் நேராக சீட்டுக்கு இறங்கும். குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்தினால் நீண்ட நாள் உழைக்கும். வெல்க்ரோவில் முடி அடைத்தால் ஒட்டாது. பழைய பல் பிரஷ்ஷால் வாரி எடுக்கலாம்.

மிகுந்த கவனம் வேண்டியது, நாயின் மார்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸைக் காரோடு இணைக்கும் பெல்ட் கயிறு. சீட் பெல்ட் பூட்டில் செருகும் வகையில், நாய் திரும்பும்போது சிவப்புப் பொத்தானை மிதித்துத் தானே கழற்றிக்கொள்ளும். ஐசோஃபிக்ஸ் வளையம் (குழந்தை இருக்கையை மாட்டப் பின்சீட்டில் இருக்கும் உலோக வளையம்) உள்ள காரில் எஃகு கொக்கியால் அதில் மாட்டுவதே நல்லது. ரப்பர் வைத்துத் தைத்த கயிறு இழுபடும். சாதாரண நைலான் பட்டை போதும். படுக்கவும் திரும்பவும் முடிய வேண்டும், முன்சீட்டுக்குத் தாவ முடியக் கூடாது: நீளத்துக்கு அதுவே அளவு. கழுத்துப் பட்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் முழு எடையும் கழுத்தில் விழும். மார்பு ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நிறுத்தத்தில் முதலில் நடைக்கயிற்றை மாட்டுவது, பிறகு பெல்ட் கயிற்றைக் கழற்றுவது, அதன் பிறகே கதவு. இந்த வரிசை மாறினால் நெடுஞ்சாலையில் நாய் ஓடிவிடும்.

புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பே அரை வயிற்றுக்கு உணவு. தண்ணீரை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி, எச்சில் ஒழுகுவது எல்லாம் வாந்திக்கு முந்திய அறிகுறிகள். அப்போதே ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நடக்க விட்டால் பெரும்பாலும் தணியும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இது போதாமல் போகலாம். நாய்களுக்கான வாந்தித் தடுப்பு மாத்திரையான மேரோபிடன்ட் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் கால்நடை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தர வேண்டும். குறைந்தது 2 மணி நேரம் முன்பே கொடுக்கவும் வேண்டும். வாந்தி தொடங்கிய பின் வாய்வழி மாத்திரை வயிற்றில் தங்காது.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், 15 நிமிடம். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் புல்லில்தான் இறக்க வேண்டும். திரும்ப ஏற்றுமுன் காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்து மூன்றையும் தடவி உண்ணி பாருங்கள். பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வரும் காய்ச்சலைப் பரப்பும். சாப்பிடப் போகும்போது காருக்குள் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. வெயிலில் நின்ற கார் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பது அதைத் தடுக்காது. ஆள் மாற்றி ஆள் சாப்பிடுவதுதான் வழி.

மூன்றாம் ஆண்டில் கவரின் அடிப்பூச்சு போய்விட்டது, ஓரத் தையல் இன்னும் உறுதி. ஹார்னஸில் கொக்கி வளையத்தை ஒட்டிய தையல் நூல் பிரிய ஆரம்பித்திருக்கிறது. தைத்துச் சரிசெய்வதில்லை, புதிதே வாங்க வேண்டும்.