பெஞ்ச் பிரஸ்: குதிகால் தரையிலா, காற்றிலா?

பெஞ்ச் பிரஸ் என்பது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய தண்டை, அதாவது பாரை, நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி. உங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் பாதியை வைத்துப் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது கால் எப்படிக் கிடந்தாலும் பார் மேலே போய்விடும். அதில் 85, 90 சதவீதத்துக்கு வரும்போதுதான் குறை தெரிய ஆரம்பிக்கும். இடுப்பு ஒரு பக்கமாக நகரும், ஒரு கை முந்திக்கொள்ளும், புட்டம் பெஞ்சை விட்டு எழும்பும். பலரும் உடனே நெஞ்சுக்கும் கைக்கும் பலம் போதவில்லை என்று முடிவு கட்டி, இன்னும் நாலு பயிற்சியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் காலைப் பார்க்க வேண்டும்.

கால் வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பாதத்தை முட்டிக்குப் பின்னால் இடுப்புப் பக்கமாக இழுத்து, முன்பாதத்தை மட்டும் ஊன்றிக் குதிகாலைத் தூக்கி வைப்பது. இன்னொன்று, பாதத்தை முட்டிக்கு நேர்கீழே அல்லது சற்று முன்னால் அகலமாக வைத்து, முழுப் பாதத்தையும் தரையில் பதிப்பது.

பின்னால் இழுத்து வைப்பதன் பெரிய லாபம் முதுகு வளைவு. கால் பின்னால் போகப் போக, தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்பின் முன்பக்கத் தசையும் இழுபட்டு, முதுகைத் தாமாகவே வளைத்துவிடும். நெஞ்சு உயரும், பார் பயணிக்கும் தூரம் குறையும். உடம்பு முழுவதும் ஒரே இறுக்கமாக இருப்பதும் நன்றாகத் தெரியும். ஆனால் தரையைத் தொடுவது முன்பாதம் மட்டும்தான். எடை கூடும்போது குதிகால் உள்ளும் வெளியுமாக ஆடும், அந்த ஆட்டம் முட்டி வழியாக இடுப்புக்கு ஏறும். ஒரு செட்டின் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றின்) நடுவில் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டால் எல்லாமே குலைந்துபோகும்.

இதைவிட முக்கியமானது, கால் கொடுக்கும் உந்துதல் எந்தத் திசையில் போகிறது என்பது. லெக் டிரைவ் என்றால் இடுப்பை மேலே தூக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். தரையை உங்களிடமிருந்து தள்ளிவிடுவது போல, முட்டியை நீட்டப் பார்க்கும் உந்துதல் அது. சரியாகச் செய்தால் உடம்பு தலைப் பக்கமாக நகரப் பார்க்கும். பெஞ்சில் அழுந்தியிருக்கும் மேல்முதுகு அதைத் தடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உடல் முறுக்கிய கயிறு போல விறைத்து நிற்கும். பாதம் சற்று முன்னால் இருந்தால் இந்தத் திசை இயல்பாகவே கிடைத்துவிடும். ரொம்பப் பின்னால் இருந்தால் அதே உந்துதல் மேல்நோக்கித் திரும்பிப் புட்டத்தைத் தூக்கிவிடும். அதனால்தான் குதிகால் தூக்கி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

முழுப் பாதம் ஊன்றும் முறையிலும் குறை இருக்கிறது. வளைவு கொஞ்சம் குறையும். பெஞ்சின் உறை வழுக்கினால் மொத்த உந்துதலும் உங்களைத் தலைப் பக்கம் சறுக்கவைக்கும். உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் சரியாக எட்டாது. காலுக்கு அடியில் இரண்டு தட்டையான எடை பிளேட்டுகளைப் போட்டால் அது தீர்ந்துவிடும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்குத் தேர்வு சுருங்கிவிடும். சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனமான ஐபிஎஃப்பின் விதிப்படி பாதம் தரையில் தட்டையாக இருக்க வேண்டும், தலையும் தோளும் புட்டமும் பெஞ்சை விட்டு எழக் கூடாது. வேறு சில சம்மேளனங்கள் குதிகால் தூக்குவதை அனுமதிக்கின்றன. நடுவழி ஒன்றும் உண்டு. குதி உயர்ந்த பளுதூக்கும் ஷூ போட்டால், பாதத்தை ஓரளவு பின்னால் இழுத்தும் முழுதாக ஊன்றலாம். ஓட்டத்துக்கான மெத்து ஷூவை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

என் கணக்கில், பத்தில் எட்டுப் பேருக்கு முழுப் பாதம்தான் பொருந்தும். இடுப்பு நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும் உடம்பும், ஒவ்வொரு செட்டிலும் ஒரே இடத்தில் கால் வைக்கும் பொறுமையும் இருப்பவர்கள் மற்றதை முயலலாம். காலைத் தூக்கிப் பெஞ்ச் மேலேயே வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. கனமான எடைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பாரைத் தாங்கி நிற்கும் ரேக்கிலிருந்து அதை எடுப்பது. இதில் தனியாக எடுப்பதா, பின்னால் நிற்பவர் கொடுக்க வாங்குவதா என்ற கேள்வி வரும். நம்பகமான ஆள் இருந்தால் கொடுக்க வாங்குவதே மேல். தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து இறுக்கியிருப்பீர்கள். தனியாகப் பாரைத் தூக்கி எடுக்கும்போது தோள் முன்னால் வந்து அந்த இறுக்கம் கழன்றுவிடும். உதவுபவர் பாரை மேலே வெடுக்கென்று தூக்காமல், ரேக்கை விட்டு விலகியதும் தோளுக்கு நேரே கொண்டுவந்து மெதுவாக விட வேண்டும். ஆள் இல்லையென்றால் கொக்கியின் உயரத்தைச் சரி செய்யுங்கள். கையைக் கிட்டத்தட்ட முழுதாக நீட்டினால் பார் கொக்கியைத் தாண்டினால் போதும். கொக்கி அதைவிட உயரமாக இருந்தால் தோளைத் தூக்கித்தான் எடுக்க முடியும்.

பிடியைப் பொறுத்தவரை சர்ச்சைக்கு அதிகம் இடமில்லை. பார் நெஞ்சைத் தொடும்போது முன்னங்கை செங்குத்தாக நிற்கும் அகலமே ஆரம்பப் புள்ளி. ஐபிஎஃப் போட்டியில் ஆள்காட்டி விரல்களுக்கு இடையே 81 செ.மீ.தான் உச்ச வரம்பு. 2023 முதல் முழங்கை மூட்டின் அடிப்பக்கம் தோள் மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டதால், அகலப் பிடியும் பெரிய வளைவும் சேர்ந்து தந்த சலுகை சிலருக்குக் குறைந்தது. கட்டைவிரலைச் சுற்றாமல் பிடிப்பது மணிக்கட்டுக்குச் சுகமாக இருக்கலாம். பார் நழுவினால் விழுவது நெஞ்சிலோ கழுத்திலோ. கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டே, கையைச் சற்று உள்பக்கம் திருப்பி, பாரை உள்ளங்கையின் அடிப்பகுதியில் உட்காரவைத்தால் அதே சுகம் ஆபத்தில்லாமல் கிடைக்கும்.

தனியாகப் பயிற்சி செய்பவர்கள் பாதுகாப்புக் கம்பிகளின் உயரத்தை வெறும் பாரோடு பார்த்துவிடுங்கள். முதுகு வளைந்திருக்கும்போது பார் கம்பியில் இடிக்காமல் நெஞ்சைத் தொட வேண்டும். வளைவை விட்டு உடம்பைத் தட்டையாக்கினால் எடை முழுவதையும் கம்பி வாங்கிக்கொள்ள வேண்டும். கால் வைக்கும் முறையை மாற்றினால் வளைவும் மாறும், எனவே அன்றைக்கே இதையும் மறுபடி சோதித்துவிடுங்கள்.