நரம்பிணைப்பு மாதிரிப் பெட்டி: புடகத்தைத் திருத்தினால்தான் பயன்

யாழ் நகரில் உயர்தர உயிரியல் மாணவருக்கென விற்கப்படும் இந்தக் கழற்றிப் பூட்டும் மாதிரியில் இரண்டு ரெஜிபோம் கட்டைகள் இருக்கின்றன. மேலே நரம்பு முனை, கீழே செய்தியை வாங்கும் கலம்; இரண்டும் சந்திக்கும் இடமே நரம்பிணைப்பு. கூடவே புடகங்களாக (செய்தி கடத்தும் இரசாயனத்தை, அதாவது கடத்திப் பதார்த்தத்தை, அடக்கிய நுண்பைகளாக) ஆறு வெள்ளைப் பந்துகள், பிளாஸ்ரிக் கல்சியம் கால்வாய்கள், அந்தக் கடத்தியைப் பிடிக்கும் வாங்கிகள், மஞ்சள் நிற நொதியத் துண்டுகள், ஒரு தமிழ் விளக்கத்தாள். வெட்டும் நிறப்பூச்சும் நேர்த்தி. பிழை இருப்பது இயக்கத்தில்.

முதலில் அளவு. பந்தின் விட்டம் 40 மி.மீ. உண்மையான புடகம் ஏறத்தாழ 40 நனோமீற்றர். அப்படியானால் இங்கே 1 மி.மீ. என்பது 1 நனோமீற்றர். நரம்பிணைப்பு இடைவெளி ஏறத்தாழ 20 நனோமீற்றர். மாதிரியில் அது 2 செ.மீ. ஆக இருக்க வேண்டும். பெட்டியில் வரும் தாங்கு கால்களோ 7 செ.மீ. நான்கு கால்களிலும் 5 செ.மீ. அறுத்து நீக்கிவிடுங்கள். இடைவெளி இவ்வளவு ஒடுங்கியது என்பதைக் கண்ணால் கண்டால்தான், கடத்திப் பதார்த்தம் வெறும் பரவலாலேயே நொடிப்பொழுதில் மறுகரை சேர்வது விளங்கும்.

பெரிய குறை இனித்தான். பந்தின் அடியில் காந்தம், மேற்கட்டையின் துளையோரத்திலும் காந்தம். பந்தைக் கிட்டக் கொண்டுபோனதும் அது தானாக ஒட்டுகிறது. அழுத்தினால் துளைவழியே முழுதாகக் கீழே விழுகிறது. இரண்டுமே தவறு. புடகம் ஒருபோதும் இடைவெளியைக் கடப்பதில்லை. அதன் சவ்வு முனையின் மென்சவ்வோடு இணைய, உள்ளே இருப்பது மட்டும் வெளியேறுகிறது. அதுதான் புறக்குழியமாதல். அத்துடன், காந்தம் எப்போதும் இழுப்பதால் கல்சியத்துக்கு வேலையே இல்லாமற் போகிறது. உண்மையில் புடகங்கள் மென்சவ்வருகே ஆயத்தமாகக் காத்திருக்கும். கணத்தாக்கம் (நரம்புவழி வரும் மின் துடிப்பு) வந்து கால்வாய்கள் திறந்ததும், வெளியே ஏறத்தாழ 10,000 மடங்கு செறிவாக உள்ள கல்சியம் அயன்கள் உள்ளே பாயும். புடகத்திலுள்ள சினப்ரோராக்மின் என்ற புரதம் அவற்றைப் பிடித்ததும், ஒரு மில்லிசெக்கனுக்குள் விடுவிப்பு நடந்துவிடும்.

திருத்துவது கடினமல்ல. காந்தங்களைப் பிடுங்குங்கள். ஹாட்வெயார் கடையில் மூன்று நிற மின்கம்பி வாங்கி 3 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். (அளவுப்படி 12 மி.மீ. போதும், ஆனால் விரலுக்கு அகப்படாது.) இவை சவ்வுகளை இணைக்கும் மூன்று புரதங்கள். நீலத்துண்டு ஒன்று பந்தில்: சினப்ரோபிறெவின். சிவப்பு ஒன்று, பச்சை இரண்டு துளையோரத்தில்: சிவப்பு சின்ராக்சின், பச்சை ஸ்னாப்-25. நான்கையும் முறுக்கினால் பந்து மென்சவ்வோடு நெருங்கும். இந்த முறுக்கின் விசைதான் இரு சவ்வுகளையும் இணைய வைக்கிறது. 2013 இல் ரொத்மன், செக்மன், சூடொஃப் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது புடகப் போக்குவரத்தின் இந்தப் பொறிமுறையை வெளிக்கொணர்ந்ததற்காகத்தான். விளக்கத்தாளில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. பச்சைக் கம்பியை வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், பந்து நெருங்காது. ஏ வகை பொற்றுலினம் என்ற பற்றீரியா நஞ்சு செய்வது இதையே. ஏற்பு நோயின் நஞ்சு நீலக் கம்பியை வெட்டுகிறது.

பந்தின் அடியை அறுத்து, வாயைத் துளையோடு பொருத்தி, உள்ளே கடுகு நிரப்புங்கள். ஆயிரக்கணக்கில் கொள்ளும். ஒரு புடகத்தில் அசற்றைல்கோலின் என்ற கடத்தியின் மூலக்கூறுகளும் ஆயிரக்கணக்கில்தான். கல்சியக் கால்வாய்களைக் கட்டையின் மேல் விளிம்பில் பூட்டச் சொல்கிறது விளக்கத்தாள், கேட்காதீர்கள். துளைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். கால்வாய் தள்ளிப்போனால், உட்புகும் கல்சியம் புடகத்தை எட்டுமுன் ஐதாகிவிடும்.

தசையிலுள்ள அசற்றைல்கோலின் வாங்கி ஒவ்வொன்றும் இரு மூலக்கூறுகளைப் பிடிக்கும். மாதிரியில் ஒரு குழிதான் இருக்கிறது. கம்பியைச் சூடாக்கி இன்னொன்று போடலாம்.

மஞ்சள் நொதியத் துண்டுகள் மிக நல்ல சேர்க்கை. அசற்றைல்கோலினை உடைக்கும் கோலினெசுத்தரேசு அது. அவற்றை எடுத்துவிட்டால் கடுகு வாங்கிகளிலேயே தேங்கும். வெங்காயத் தோட்டத்தில் இந்த நொதியத்தை முடக்கும் ஒகனோபொஸ்பேற் பூச்சிமருந்து உடம்பில் ஏறினவருக்கு எச்சில் வடிந்து, வியர்த்து, கண்மணி சுருங்குவது இதனாலே. வலிகாமத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் எல்லாக் கடத்திகளையும் நொதியமே உடைக்கிறது என்ற விளக்கத்தாள் வரியை வெட்டிவிடுங்கள். மூளையில் குளுத்தமேற் என்ற கடத்தியைப் பெரும்பாலும் அயலிலுள்ள தாங்கு கலங்கள் உறிஞ்சுகின்றன. டோபமீன், செரட்டோனின் என்ற கடத்திகளை விடுவித்த முனையே திரும்ப எடுக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பல மாத்திரைகள் மறிப்பது செரட்டோனினின் இந்த மீளெடுப்பைத்தான்.

ஒட்டுவதற்கு சுப்பர் குளூ வேண்டாம், ரெஜிபோமைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசை போதும், ஓர் இரவு காயவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் சித்திரை வெயிலில் வாங்கிகளின் ஒட்டு இளகி விழும். உதிரி வாங்கி கடையில் தனியாகக் கிடைப்பதில்லை. தனியொருவர் வாங்குவதைவிட, நாலைந்து பேர் சேர்ந்தோ வகுப்புக்கு ஒன்றாகவோ வாங்குவதே பொருத்தம்.