மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி: ஜமக்காளக் கடை இணையதளத்தில் சில ஆண்டு அனுபவம்

பவானி ஜமக்காளம் விற்கும் உறவினர் கடையின் இணையதளத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் ஏன் பாதியில் போய்விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதில் கிளாரிட்டியை நிறுவினேன். 2020 அக்டோபரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இலவசக் கருவி இது. எங்கே தட்டுகிறார்கள், எதுவரை படிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தின் மேல் நிறங்களாக, அதாவது ஹீட்மேப்பாகக் காட்டும். ஒவ்வொரு வருகையையும் வீடியோ போல ஓட்டியும் பார்க்கலாம்.

அதற்கு முன் வருகைகளைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் மட்டும்தான். அதில் ஒருவர் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ இரண்டு பக்கங்களைப் பார்த்தாலோ 'ஈடுபாடுள்ள வருகை' என்று கணக்கில் ஏறிவிடும். தேடியது கிடைக்காமல் அல்லாடியவரும் அதே கணக்கில்தான் வருவார். கிளாரிட்டி பதிவுகளைப் பார்த்தபின் அந்த எண்ணை வைத்து நான் மகிழ்வதில்லை.

ஒரு பதிவைச் சொல்கிறேன். கைப்பேசியில் வந்தவர். சிவப்பும் பச்சையும் கோடிட்ட ஜமக்காளத்தின் படத்தைத் தட்டுகிறார், பெரிதாகவில்லை. கீழே இறங்கி '6க்கு 9 அடி' என்பதைத் தட்டுகிறார். அது வெறும் எழுத்து, பொத்தான் அல்ல. மறுபடியும் தட்டுகிறார், படபடவென்று. கிளாரிட்டி அதை 'ரேஜ் கிளிக்' என்று குறித்திருந்தது. மேலே போனார், கீழே வந்தார், வெளியேறிவிட்டார். கடைக்கே வந்திருந்தால் ஹால் எத்தனை அடி என்று கேட்டு, பொருத்தமானதை விரித்துப் போட்டிருப்பார்கள்.

அளவைப் பொத்தானாக்கினோம்; படம் பெரிதாகும்படி செய்தோம். எத்தனை பேர் உட்காரலாம், சாயம் போகுமா, கைத்தறியா விசைத்தறியா என்று தொலைபேசியில் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்களை விலைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அதன்பின் ஒரு ஜமக்காளத்தைப் பார்த்தவர்கள் அடுத்ததையும் திறந்து பார்ப்பது கூடியது. புவிசார் குறியீடு பற்றி நாங்கள் ஆசை ஆசையாக எழுதிய நீண்ட பத்தியோ ஹீட்மேப்பில் கடைசிவரை நீலமாகவே, அதாவது பெரும்பாலும் யாரும் எட்டிப்பார்க்காமலே கிடந்தது.

நுழைந்ததும் முகத்தில் வந்து விழும் தள்ளுபடிப் பெட்டியை எடுத்துவிட உறவினர் முதலில் சம்மதிக்கவில்லை. அதை மூடும் குறியைத் தேடி மக்கள் படும் பாட்டை இரண்டு பதிவுகளில் காட்டினேன். மூன்றாவதைப் பார்க்காமலே எடுத்துவிடச் சொன்னார்.

குறைகளும் உண்டு. நாமாகக் குறித்து வைக்காத பதிவுகளில் பெரும்பாலானவை 30 நாளில் போய்விடும். தீபாவளிக் கூட்டத்தைப் பொங்கலுக்கு எடுத்துப் பார்க்க முடியாது. ஒருவர் போனது விலையைப் பார்த்தா, வீட்டில் யாரோ கூப்பிட்டதாலா என்பதையும் அது சொல்லாது. படிவத்தில் தட்டச்சு செய்யும் எண்ணும் முகவரியும் தானாகவே மறைக்கப்படுகின்றன என்பது ஆறுதல். ஆனாலும் வருகையைப் பதிவு செய்கிறோம் என்பதைத் தளத்தில் எழுதி வைப்பதுதான் முறை.

புதிதாக நிறுவுகிறவர்களுக்கு ஒன்று: எல்லாப் பதிவுகளையும் பார்க்க உட்கார்ந்தால் மெகா தொடர் பார்த்த கதையாகிவிடும். நான் ரேஜ் கிளிக் உள்ளவற்றையும், உள்ளே வந்த வேகத்தில் திரும்பியவர்களையும் மட்டும் வடிகட்டிப் பார்க்கிறேன். வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டிவிட்டு அரை நிமிடத்தில் போகிறவர்களைத் தொடுவதே இல்லை. அவர்களில் பலர் அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.