66 சதவீதம் என்று காட்டி விற்கப்படும் 'வலி மீட்பு' பேக்கேஜ்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விளம்பரத்தில் வருகிற எண் உண்மையானது. சிக்கலே அதுதான். "நாள்பட்ட முதுகு வலியில் 66 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமல், ஆபரேஷன் இல்லாமல் வலி போயே போச்சு, அமெரிக்க ஆய்வு" என்று ரீல்ஸில் ஓடுகிறதே, அப்படி ஒரு ஆய்வு இருக்கிறது, ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வு. மனம்-உடல் சிகிச்சையே புரட்டு என்று சொல்ல இந்தப் பதிவு எழுதப்படவில்லை. எண்ணைக் காட்டுவது ஒன்று, பொட்டலம் கட்டித் தருவது வேறொன்று என்பதுதான் புகார்.

ஏமாந்தவர் 31 வயதுக்காரர். விற்றவரின் பெயர் வேண்டாம். அதே அச்சில் இன்னும் பலர் விற்கிறார்கள். மூன்று வருஷமாக இவருக்குக் கீழ்முதுகிலும் புட்டத்திலும் வலி. 99 ரூபாய் வெபினாரில் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரத்தின் முடிவில், இன்று இரவு 12 மணி வரை மட்டும் என்று ஒரு விலை: 60 நாளுக்கு 29,500 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை என்றதும் ஈஎம்ஐ லிங்க் வந்தது. கட்டிய பிறகு கிடைத்தவை: 42 ரெக்கார்டட் வீடியோ, ஒரு பிடிஎஃப் ஒர்க்புக், ஒரு வாட்ஸ்அப் குழு, வாரம் ஒருமுறை இருநூறு பேர் இருக்கிற ஜூம் கூட்டம். 'பர்சனல் கைடன்ஸ்' என்று சொன்னது கால் மணி நேர ஃபோன் பேச்சு, மொத்தமே இரண்டு தடவை. பேசியவர் கோச். டாக்டரும் இல்லை, சைக்காலஜிஸ்டும் இல்லை.

இப்போது அந்த ஆய்வுக்கு வருவோம். கொலராடோ மாநிலத்தின் போல்டரில் நடந்தது. 2022இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் அச்சானது. சிகிச்சையின் பெயர் பெயின் ரீபிராசசிங் தெரபி, சுருக்கமாகப் பிஆர்டி. 151 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். 50 பேருக்குப் பிஆர்டி. 51 பேருக்கு முதுகில் உப்புநீர் ஊசி (மருந்தில்லாத ஊசி என்று சொல்லியே போட்டார்கள்). 50 பேர் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். முடிவில் வலி 10க்கு 0 அல்லது 1 என்று இறங்கியவர்கள் முறையே 33, 10, 5 பேர். அந்த 33தான் விளம்பரத்தில் வரும் 66 சதவீதம்.

அந்த 50 பேர் என்ன வாங்கினார்கள் என்பதை விளம்பரம் சொல்லாது. முதலில் ஒரு மருத்துவருடன் ஒரு மணி நேரம்: வரலாறு கேட்டு, ரிப்போர்ட் பார்த்து, இந்த ஆளுடைய வலிக்கு உடலில் சேதம் காரணமா இல்லையா என்று பேசி முடித்தார்கள். அதன் பிறகு வாரம் இரண்டு வீதம் 4 வாரத்தில் 8 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளருடன் தனியாக. சேர்க்கும்போதே வடிகட்டினார்கள், முதுகை விடக் காலில் வலி அதிகம் உள்ளவர்களை எடுக்கவில்லை. தொடக்கத்தில் சராசரி வலி 10க்கு சுமார் 4. ஆக அந்த 66க்குப் பின்னால் இருப்பது ஆளுக்கு 9 மணி நேரம், அதில் முதல் மணி டாக்டருடையது. நம் ஆளுக்குத் தனியாகக் கிடைத்தது அரை மணி, அதில் டாக்டர் நேரம் பூஜ்யம்.

அந்த முதல் மணி போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒர்க்புக்கின் ஏழாம் பக்கமே சாட்சி. 12 கேள்வி, எட்டுக்கு மேல் 'ஆம்' என்றால் உங்கள் வலி 'மூளை உருவாக்கிய வலி', உடம்பில் ஒன்றும் இல்லை. அடிபடாமலே தொடங்கியதா? இடம் மாறுகிறதா? சில நாள் வலப்பக்கம், சில நாள் இடப்பக்கமா? நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா? ஓய்வாகப் படுத்தால் கூடி, நடமாடினால் குறைகிறதா? இவர் பதினொன்றுக்கு 'ஆம்' போட்டிருக்கிறார். கோச் கைதட்டி ஸ்டிக்கர் அனுப்பினார்.

இந்தக் கேள்விகள் பலவும் இட்டுக்கட்டியவை அல்ல. நரம்பு மண்டலம் தப்பாக அலாரம் அடிக்கிற வகை வலியா என்று பார்க்க, இந்தத் துறை மருத்துவர்களும் இது போலக் கேட்பார்கள். ஆனால் மற்றவற்றை விலக்கிய பிறகு, கூடுதல் சான்றாக. விலக்காமல் கேட்டால் இதே தாள் வேறொரு நோயை அச்சு அசலாக வர்ணிக்கும். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற முதுகெலும்பு வாதம் பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே, அடி எதுவும் படாமல், மெதுவாகத் தொடங்கும். புட்ட வலி பக்கம் மாறி மாறி வரும். படுத்தால் கூடும், நடந்தால் குறையும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடக்கும். "முதுகு நிஜமாவே கெட்டிருந்தா நடந்தா கூடணும்ல, குறையுதே!" என்று கோச் சொன்னது கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. வாதநோய் மருத்துவர் அதே வாக்கியத்தைக் கேட்டால் முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுக்கு (சாக்ரோஇலியாக்) எம்ஆர்ஐயும், சிஆர்பி, எச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். இவருக்கும் கடைசியில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், எட்டு மாதம் கழித்து. இந்த நோயில் எலும்பு ஒட்டிக்கொண்டால் திரும்பப் பிரியாது.

இது ஒன்றுதான் பொறி என்று நினைக்க வேண்டாம். 'இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கிறதா' என்ற கேள்விக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு வாதம் உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடுவார். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயும் உண்டு. அதுவும் அடிபடாமல் மெல்ல வளரும், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரியாது. தொடையிடுக்கும் ஆசனவாய்ச் சுற்றும் மரத்துப்போவது, சிறுநீர் கழிப்பதில் புதிதாகத் தடை, கால் வலுவிழப்பது: இவற்றுக்கு அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், காரணமில்லாமல் இளைப்பவர்கள் எந்த ஒர்க்புக்கையும் திறக்கும் முன் டாக்டரிடம் போக வேண்டும்.

எம்ஆர்ஐ விஷயத்திலும் இதே வித்தைதான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் தெரியும் என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. பிதுங்கல் என்ற சொல்லைப் பார்த்து மிரண்டு போனவருக்கு இது உண்மையிலேயே மருந்து. "அதனால ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுங்க" என்பது அந்த எண் சொல்லாத விஷயம். பிதுங்கலைத் தாண்டி ரிப்போர்ட்டில் வேறென்ன இருக்கிறது என்று யாராவது படித்தாக வேண்டும்.

பயிற்சியையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. பிஆர்டியின் மையம் வலி உணர்வைப் பயமில்லாமல் கவனிப்பது. முறை இதுதான். வலி 7, 8 என்று உச்சத்தில் இருக்கும்போது தொடங்கக் கூடாது. அப்போது வெந்நீர்ப் பை, படுக்கை, பாட்டு, எது ஆறுதலோ அது. 3, 4 என்று தணிந்த வேளையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வலிக்கும் இடத்தை வேடிக்கை பார்ப்பது. உள்ளங்கை அளவா, எலுமிச்சை அளவா? சூடா, இறுக்கமா, துடிப்பா? ஓரம் கூராக இருக்கிறதா, மங்கலா? நகர்கிறதா? கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கூடவே மனதுக்குள், 'பரிசோதித்தாயிற்று, எதுவும் உடையவில்லை, இது தப்பு அலாரம்.' சில நிமிடம் போதும். பயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடலாம். 'பரிசோதித்தாயிற்று' என்ற சொல்தான் இதில் வேலை செய்கிறது. பரிசோதிக்காதவர் அதைச் சொன்னால் அது பொய் என்று அவர் மனதுக்கே தெரியும்.

பேக்கேஜில் இது 30 நிமிட ஆடியோ, காலை மாலை இரண்டு வேளை, வலி எவ்வளவு இருந்தாலும். முடித்ததும் குழுவில் ஸ்கோர் போட வேண்டும்: '6லிருந்து 5'. தூக்கம் வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே தூங்குவது? வலியை அளந்து அறிக்கை கொடுப்பது எதைக் குறைக்க வந்தோமோ அந்தக் கண்காணிப்பையே வளர்க்கிறது. ஸ்கோர் ஏறியவர்கள் வெட்கப்பட்டு எழுதுவதில்லை, இறங்கியவர்கள் எழுதுகிறார்கள், அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் அடுத்த வெபினாரின் விளம்பரம். சுழற்சி கச்சிதமாக இருக்கிறது.

வலி கூடினால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "நல்ல அறிகுறி, மூளை எதிர்ப்பு காட்டுது." பயிற்சியின் நடுவே சில நாள் கூடுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் எது வந்தாலும் நல்ல அறிகுறி என்றால் கெட்ட அறிகுறியை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாம் மாதம் பதில் மாறும்: "உங்களுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரல." சிகிச்சை தோற்றதற்கு நோயாளியின் நம்பிக்கையைக் குற்றம் சொல்கிற இடத்தில் காலை வைக்கக் கூடாது என்பது எங்கள் கறாரான கருத்து.

மாத்திரையில் விளையாடுவது இன்னும் மோசம். "மாத்திரை போட்டா மூளைக்கு ஆபத்துன்னு செய்தி போகும், நிறுத்துங்க" என்று குழுவில் பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பு கூட வரலாம். குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. வலிக்கு எழுதப்படும் டிரமடால், டுலாக்சடின் இரண்டையும் அப்படியே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

பழைய மனக்காயங்களைக் கிளறும் பயிற்சி ஒன்றும் உண்டு. அடக்கி வைத்த உணர்ச்சியை வெளிப்படுத்தும் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது: முதிய முன்னாள் படைவீரர்கள் 126 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் இந்தச் சிகிச்சையில் 63 சதவீதம், வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 17 சதவீதம். அதை நடத்தியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இங்கே ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும் ஜூமில், கேமராவை ஆன் பண்ணி, சின்ன வயசு அடியையும் உதையையும் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு உடைந்து போனவரைத் தேற்ற யாரும் இல்லை, நேரம் முடிந்தது என்று இணைப்பு போய்விடுகிறது.

அசைவுப் பயிற்சியிலும் இதே அவசரம். குனிய பயப்படுபவரை முதல் நாளே 'பயப்படாமல் தரையில் இருந்து தூக்கு' என்றால் வலி பிடித்துக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும். முறையாகச் செய்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கணுக்காலைத் தொடுவதில் தொடங்கி, ஸ்டூல் உயரத்தில் இருக்கும் வெறும் வாளி, பிறகு தரையில் வெறும் வாளி, பிறகு கால்வாசித் தண்ணீர் என்று ஏற்றுவார். நடைக்கும் அப்படித்தான்: மூன்று நாள் எவ்வளவு முடிகிறதோ அதன் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத் தொடங்கி, நல்ல நாளிலும் அதைத் தாண்டாமல், வாரம் பத்தில் ஒரு பங்கு கூட்டுவார்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். என்னைப் பரிசோதிக்கும் டாக்டர் யார், அவர் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன? உளவியல் பகுதியை நடத்துபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் என்ன? தனி அமர்வு எத்தனை, எத்தனை நிமிடம்? யாரையெல்லாம் சேர்க்க மாட்டீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'எல்லாருக்கும் செட் ஆகும்' என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டுவார்கள். அது பயிற்சியை நடத்துவதற்கு, நோயைக் கண்டறிய அல்ல. காலை விறைப்பு உள்ளவர்கள் முதலில் வாதநோய்ப் பிரிவுக்குப் போகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: '100% மணி பேக்' என்பதன் கீழே 60 நாள் ஒர்க்ஷீட்டும் ஒருநாள் விடாமல் நிரப்பியிருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஓய்ந்துவிட வேண்டாம். விளம்பரம், வெபினாரில் சொன்ன வாக்குறுதி, பணம் போன ரசீது, வீடியோப் பட்டியல், குழு உரையாடல் எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சண்டை போடுங்கள். கேள்வி கேட்டவுடன் வீடியோ லாகின் முடக்கப்படும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஈஎம்ஐயில் வாங்கியிருந்தால் அது உங்கள் பெயரில் உள்ள கடன். பேக்கேஜ் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடி வாங்கும். கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் சேவை கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல் போடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விற்றவரிடமிருந்து பணத்துக்குப் பதிலாக '90 நாள் எக்ஸ்டென்ஷன், இலவசம்' என்று வரும். அதற்கு 'ஓகே' என்று ஒரு சொல் போட்டால் சேவையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று நாளை காட்டுவார்கள். 'எக்ஸ்டென்ஷன் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று தேதியோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.