எஃகின் மேல் எச்.வி.ஓ.எஃப் இரும்பு அலுமினைடு பூச்சு: நீண்ட பயன்பாட்டுக்குப் பின் வெட்டுமுகத்தில் தெரிவது

எச்.வி.ஓ.எஃப் என்பது எரிபொருளும் ஆக்ஸிஜனும் எரியும் சுடரில் பவுடரைச் சூடாக்கி அதிவேகத்தில் தெளிக்கும் முறை. அப்படி எஃகின் மேல் தெளித்த, மூன்று இரும்பணுவுக்கு ஒரு அலுமினிய அணு, அதாவது எடையில் சுமார் 14 சதவீதம் அலுமினியம் உள்ள பூச்சைப் பற்றியது இது. கந்தகப் புகைக்கும் சூட்டுக்கும் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. பெயர்ந்து வந்தால், பவுடரைக் குறை சொல்லும் முன் அடியில் உள்ள எஃகுப் பரப்பைப் பாருங்கள்.

வெட்டுமுகத்தில் ஸ்ப்ளாட்டுகள், அதாவது மோதி அப்பளமாகத் தட்டையான துகள்கள், அடுக்கடுக்காகத் தெரியும். நடுவே உருகாத உருண்டைத் துகள்கள். அடுக்குகளுக்கு இடையே ஓடும் கருங்கோடுகள் ஆக்ஸைடு. பறக்கும்போது அலுமினியம்தான் முதலில் ஆக்ஸிஜனேறும் என்பதால், கோட்டை ஒட்டிய உலோகத்தில் அலுமினியம் குறைந்திருக்கும், எஸ்.இ.எம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பின்சிதறல் படத்தில், கன அணுக்கள் கூடிய இடம் வெளிறித் தெரியும் என்பதால், அந்த இடம் சற்று வெளிறித் தெரியும். பிளாஸ்மா சுடரில் தெளித்தால் இந்தக் கோடுகள் இன்னும் அதிகம்.

தெளித்த கையோடு எக்ஸ்.ஆர்.டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) எடுத்தால், இரும்பணுவும் அலுமினிய அணுவும் தத்தம் இடத்தில் அமர்ந்த ஒழுங்கமைவைக் காட்டும் சிறு உச்சிகள் மங்கலாக இருக்கும். துகள் சட்டென்று உறைந்ததன் விளைவு அது. 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் பயன்பாட்டில் ஓடிய பின் தெளிவாகிவிடும்.  

நுண்துளை அளவீட்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மாதிரியை வெட்டும் சக்கரம் பூச்சு வழியாக எஃகுக்குள் இறங்க வேண்டும்; எதிர்த்திசையில் வெட்டினால் பூச்சைப் பிய்த்துவிடும். வெற்றிடத்தில் எப்பாக்ஸி ஊற்றும்போது ஒளிரும் சாயம் கலந்தால், உண்மையான துளைகள் மட்டும் ஒளிரும், தேய்ப்பில் பிடுங்கியவை இருண்டே இருக்கும். 9 மைக்ரான் டைமண்ட் துகளில் துளைச் சதவீதம் மாறாமல் நிற்கும்வரை தேய்த்துவிட்டு, பிறகே 3, 1 மைக்ரான் என்று போங்கள். மென்துணியில் நேரம் கூடினால் விளிம்பு உருண்டுவிடும்.

எஃகும் பூச்சும் சேரும் இடத்தில் கோணலான கருந்துண்டுகள் இருந்தால் அவை கிரிட் பிளாஸ்டிங்கில் (தெளிக்கும் முன் கூர்துகள்களை வீசி எஃகைச் சொரசொரப்பாக்குவது) குத்தி நின்ற அலுமினா. நேர்செங்குத்தாக அடித்தால் கூடுதலாகக் குத்தும். 60–75 டிகிரி போதும். அடித்த பின் தெளிக்கத் தாமதித்தால் துரு மெல்லப் படரும், பிடிப்பு போய்விடும்.

துளைகளும் ஆக்ஸைடு கோடுகளும் கைகோத்து எஃகுவரை போனால் ஆக்ஸிஜன் உள்ளே இறங்கிவிடும். பூச்சுக்கு அடியில் வளரும் இரும்பு ஆக்ஸைடு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கு வரை இடம் கேட்கும். பூச்சு வீங்கித் தூக்கும். கார்பன் எஃகைவிட இந்த அலுமினைடு அதிகம் விரியும் என்பதால், குளிரும்போது பூச்சில் இழுவிசை ஏறி மேலிருந்து எஃகை நோக்கி இறங்கும் நெடுக்கு விரிசலும் விழும். தடிமனைக் கூட்டினால் ஆபத்தும் கூடும். 200–300 மைக்ரானில் நிறுத்துங்கள். கூர்முனைகள் முதலில் பெயரும் என்பதால், பிளாஸ்டிங்குக்கு முன்பே அவற்றை உருட்டிவிடுங்கள்.