"வினைல் கலர்" ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: மட்டக்களப்பில் கார் வைத்திருப்பவர்களுக்கு

கார் கதவின் உள்பக்க போர்டு, டாஷ்போர்ட், ரெக்ஸின் சீட் இவற்றுக்கு நிறம் மாற்ற ஸ்பிரே ரின் வாங்கப் போகிறவர்கள், காசு கொடுக்க முதல் ரின்னில் ஒட்டியிருக்கும் தாளின் ஓரத்தை நகத்தால் ஒருக்காச் சுரண்டிப் பாருங்கள். எனக்கு விற்ற ரின்களில் மேலே "வினைல் கலர்" என்று கறுப்பு ஸ்டிக்கர். அதை உரித்தால் கீழே கம்பனியே அச்சடித்த லேபல், அதில் ஒரு இரும்புக் கேட், ஒரு மரக் கதிரை, ஒரு சுவர் என்று மூன்று படங்கள். வினைலும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற சாதாரண ஸ்பிரேயைத்தான் மூன்று மடங்கு விலைக்குத் தந்திருக்கிறார்கள்.

என்னுடையது பழைய நிசான் சன்னி, எஃப்பி 15. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்தும் விட்டார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் எங்களுக்குக் கனவிலும் எட்டாது. அதனால் இருப்பதைத் திருத்தி ஓடுகிறோம், ஊரில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான். உள்ளே எல்லாம் வெளிர் சாம்பல் நிறம், கை படுகிற இடங்கள் கறுத்துப் போய் எதைப் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. நாங்களே கடும் சாம்பல் அடித்து மாற்றலாம் என்பது பொய்யில்லை. ரெக்ஸினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்றே செய்த ஸ்பிரே இருக்கிறது, ஒழுங்காக அடித்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

நகரில் வாகனச் சாமான் விற்கிற ஒரு கடையில்தான் வாங்கினேன். பெயர் போடவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது, அது முடியட்டும். கேட்டவுடனே முதலாளி சொன்னார்: "தம்பி, இது அசல் கம்பனிச் சாமான். கழுவத் தேவையில்ல, தேய்க்கத் தேவையில்ல, துணியால துடைச்சுப்போட்டு நேர அடிங்க. சீட், டாஷ்போர்ட், ஸ்டியரிங் எல்லாத்துக்கும் ஒண்டுதான்." நான் அவர் சொல்லைக் கேட்காமல் சோப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் அடித்தேன். மழை முடிந்த மாசி மாதம், வெயிலும் நல்லாக இருந்தது. அடித்த அன்று பார்த்தால் சோரூமிலிருந்து இறக்கிய கார்தான். இந்த ஏமாற்று பிடிபடாமல் ஓடுவதற்குக் காரணமும் அதுதான், முதல் கிழமை எந்த பெயின்டும் அழகாகத்தான் இருக்கும்.

சித்திரை வெயில் ஏற ஏற எல்லாம் வெளியே வந்தது. வருசப் பிறப்புக்கு உறவினர் வீட்டுக்கு ஆரையம்பதிக்குப் போய் இறங்குகிறோம், மகளின் வெள்ளைச் சட்டையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாம்பல் கோடு. கதவு போர்டில் அவள் கை வைத்த இடத்தில் சட்டைத் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது, இழை இழையாக எண்ணலாம். விரலால் தொட்டால் பலாப்பால் மாதிரி இழுபட்டது. கியரைச் சுற்றியுள்ள கடின பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை, ஆனால் சாவி உரசிய இடத்திலிருந்து தோலாக உரிந்து வந்தது. சீட்டில் மடிப்பு விழுகிற இடமெல்லாம் வெடிப்பு. மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பழுதாகியிருந்தது.

ஏன் இப்படி என்று சரியாகச் சொன்னவர் காத்தான்குடியில் குஷன் வேலை செய்கிற ஒரு நானா. கதவைத் திறந்து பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, "என்னத்த தம்பி பூசின? இது கேட்டுக்கு அடிக்கிற சாமானெல்லோ" என்றார். ரெக்ஸின் பிவிசியால், அதாவது வினைலால் செய்தது, அது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக உள்ளே எண்ணெய் மாதிரியான மென்மையாக்கி கலந்திருப்பார்கள். சூடு பட அது மெல்ல மெல்ல மேலே வரும். சாதாரண எனாமல் பெயின்டுக்குள் அது ஊறினால் பெயின்ட் இளகி, கடைசி வரை காயாது. வெயிலில் நிறுத்திய காரில் டாஷ்போர்ட் 70 பாகை செல்சியஸ் வரை போகும், அப்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ரெக்ஸினுக்கென்று செய்த ஸ்பிரே வேறு மாதிரி. அதிலுள்ள கரைப்பான் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கி அதோடு பிடித்துக்கொள்ளும், படலமும் மெல்லிசு, மடித்தாலும் வெடிக்காது.

பிளாஸ்டிக்கிலும் எல்லாம் ஒன்றில்லை. பாகத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே சின்ன எழுத்தில் பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ பெரும்பாலும் அச்சு இருக்கும். ஏபிஎஸ்ஸில் பெயின்ட் பிடிக்கும். பிபி, அதாவது பொலிபுரொப்பிலீன், அதில் எதுவுமே இலகுவில் ஒட்டாது, முதலில் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு போக வேண்டும். என் காரில் உரிந்ததெல்லாம் பிபி. "எல்லாத்துக்கும் ஒண்டுதான்" என்று ஒருவர் சொன்னால் அவர் இந்த வேலை செய்தவர் இல்லை, அல்லது செய்து, தெரிந்துகொண்டே சொல்கிறார்.

கழுவத் தேவையில்லை என்பது அதைவிடப் பெரிய பொய். டாஷ்போர்ட் மினுங்க என்று பூசுகிற பொலிஷ் பெரும்பாலானவற்றில் சிலிக்கோன் இருக்கும், அது கிடந்தால் அசல் ஸ்பிரேயும் குமிழ் குமிழாக விலகும். கழுவிய பிறகு தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும், முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, படலமாகப் பரவினால் சரி. ஸ்டியரிங்குக்கும் அடிக்கலாம் என்றாரே, அதைக் கேட்காதீர்கள். எயார்பேக் மூடி விபத்து நேரத்தில் அதற்கென்று விட்ட கோட்டில் கிழிந்து திறக்க வேண்டியது, அதற்கு மேல் பெயின்ட் போட்டு விளையாடக் கூடாது. பிடிக்கிற வளையத்தில் அடித்தால் கை வியர்வையிலேயே போய்விடும், வழுக்கவும் செய்யும்.

ரின்னை எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். முதலாளி ரின்னை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, நீங்க கழுவினதாலதான் இது நடந்த, ஈரம் உள்ளுக்குப் போயிற்று" என்கிறார். சரி அண்ணன், அப்போ இந்த ஸ்டிக்கர் என்ன என்று பாதி உரித்த இடத்தைக் காட்டினால், "அது கொழும்பிலயிருந்து அப்படித்தான் வருது, நாங்க ஒட்டயில்ல" என்கிறார். அவருடைய மேசையிலேயே அதே கறுப்பு ஸ்டிக்கர் சுருளாகக் கிடந்தது, மேலே ஒரு பில் புத்தகத்தை நகர்த்தி வைத்தார். கடைசியில், தின்னர் போட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும், புதிதாக அடிக்கலாம் என்று தின்னர் போத்தலையும் விற்கப் பார்த்தார்.

இதையும் கவனியுங்கள், லாக்கர் தின்னர் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். வீட்டில் கிடந்த தின்னரைக் கண்ணாடிச் சுவிட்சைச் சுற்றியுள்ள துண்டில் மட்டும் தொட்டுப் பார்த்தேன், பெயின்டோடு பிளாஸ்டிக்கும் குழைந்து துணியில் வந்தது. அந்தத் துண்டை இனிக் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேட வேண்டும். கதவு போர்டுகளுக்கு நானா புது ரெக்ஸின் போட்டுத் தந்தார், அந்தச் செலவு ஸ்பிரே ரின்களின் விலையை எங்கேயோ தாண்டிவிட்டது.

நீங்கள் இந்த வேலையில் இறங்குவதென்றால், குஷன் கடையில் ஒரு துண்டு ரெக்ஸின் கேளுங்கள், வெட்டி எறிவதுதான், சும்மா தருவார்கள். அதில் மெல்லிசாக அடித்து, ஒரு கிழமை வெயிலில் போட்டுவிட்டு, இரண்டாக மடித்துப் பாருங்கள், நகத்தால் கீறிப் பாருங்கள், வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். வெடித்தால், ஒட்டினால், நிறம் வந்தால் காரில் அடிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் நல்ல ஸ்பிரேயும் வெள்ளை பூத்துப்போகும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

பில்லைப் பற்றி ஒன்று. எனக்குத் தந்ததில் "ஸ்பிரே" என்று மட்டும் கிறுக்கியிருந்தது, அதனால்தான் இப்போது இழுபடுகிறது. என்ன சாமான், எந்த வேலைக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. ஏற்கெனவே வாங்கி மாட்டுப்பட்டவர்கள் அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம், எழுத்திலும் கொடுங்கள். ரின்னை வீச வேண்டாம், ஸ்டிக்கரை முழுக்க உரிக்கவும் வேண்டாம், பாதி உரிந்து கீழே உள்ள லேபலும் தெரிகிற மாதிரி இருந்தால்தான் காட்ட முடியும். அதே கடையில் இப்போது மண்ணிற ஸ்டிக்கரோடு "லெதர் கலர்" என்றும் ஒரு ரின் வந்திருப்பதாக நானா சொன்னார், களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் வானுக்கு அடித்துவிட்டு அவரிடம் வந்திருக்கிறாராம்.